நேரம் தவறி அடித்த பெரட்டு மணி

எழுத உட்காருவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கடிதம் எழுதுவேன், கணக்குப் போடுவேன், அவ்வளவுதான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேச எழுந்தால் இந்த வயதிலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பேச வராதவள் எழுதினால் அதிலும் குறை இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயர் எதையும் எழுதவில்லை. இதில் வருகிறவர்களில் சிலர் இன்னும் அதே லயத்து வரிசை அறைகளில் இருக்கிறார்கள். சிலர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு எழுத எனக்கு வழியில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தகரக் கூரை, சாணி மெழுகிய தரை, உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். அன்றைக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒன்று என் மகன், எட்டு மாதம்.

பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் நீளமான ஒரு புல்வெளி. முந்திய காலத்துத் துரைமார் அதில் குதிரை ஓட்டினார்களாம். எங்கள் காலத்தில் அதன் ஒரு கோடியில்தான் காலைப் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு யார் எந்த மலைக்கு என்று சொல்லுவார். அங்கே ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று கட்டித் தொங்கும். அதுதான் பெரட்டு மணி. காலையில் காவல்காரர் இரும்புக் கம்பியால் அடிப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. அதற்கு முன்பு ஒரு ஸ்ட்ரைக் நேரத்தில் யாரோ நடுப்பகலில் அதை அடித்து ஆட்களைக் கூட்டிவிட்டார்கள். அதிலிருந்து, உத்தரவில்லாமல் அதைத் தொட்டவருக்குப் பற்றுச்சீட்டு என்று துரை சொல்லியிருந்தார். பற்றுச்சீட்டு கொடுத்தால் வேலையும் போகும், லயத்து அறையும் போகும்.

அன்று காலை ஒன்பது மணி இருக்கும். தாய்மார் பால் கொடுக்க வர இன்னும் நேரம் இருந்தது. எல்லாரும் புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு வேலை செய்யும் அக்கா மருந்து வாங்க டிஸ்பென்சரிக்குப் போயிருந்தார். நான் பால்மா கரைத்து ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஏரோப்பிளேன் சத்தம் கேட்டது. எப்போதாவது மேலே ஒன்று போகும், நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இதன் சத்தம் வேறு மாதிரி இருந்தது. இருமுகிற ஆள் மாதிரி விட்டு விட்டு வந்தது. வாசலுக்கு வந்தேன். மஞ்சள் நிறத்தில் சின்னப் பிளேன் ஒன்று பனிமூட்டத்திலிருந்து வெளியே வந்து எங்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. சத்தம் அப்படியே நின்றுவிட்டது. அது தொழிற்சாலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு அதன் மூக்கு என் பக்கம் திரும்பியது. எங்கள் கூரைமேல்தான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதலில் நான் என் பிள்ளையைத்தான் தூக்கினேன். தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். இருபத்தொரு தொட்டில். எனக்கு இருந்தது இரண்டு கை. எப்படி ஓடினேன் என்று தெரியாது. பிள்ளை இடுப்பில் இருக்க அந்தத் தண்டவாளத் துண்டை அடித்தேன். கை மரத்துப்போகும்வரை அடித்தேன். பெற்றவர்கள் வந்து அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளட்டும் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

மணி கேட்டதும் மலையிலிருந்த பொம்பளைகள் கூடையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு வர அவர்களுக்கு ஒரே வழி புல்வெளிதான். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, தலையில் போட்ட கம்பளியோடு, நாற்பது ஐம்பது பேர் அதன் குறுக்கே ஓடினார்கள்.

பிளேன் அதே நேரத்தில் அந்தப் புல்வெளிக்குத்தான் வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பிளேன் இறங்கக்கூடிய சமமான இடம் அது ஒன்றுதான். அந்த மூக்கு திரும்பியது எங்கள் கூரையை நோக்கி அல்ல, புல்லை நோக்கித்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மணியை அடிப்பதை நிறுத்தினேன். இனி நிறுத்தி என்ன?

அது ஆட்களின் தலைக்கு மேலே வந்தது. சட்டென்று இடதுபக்கம் சாய்ந்து விலகியது. ஒரு இறக்கை, தேயிலைக்கு நிழல் தரும் மரம் ஒன்றில் மோதியது. கவ்வாத்து வெட்டி ஒரு மாதம்கூட ஆகாத தேயிலை மலை அந்தப் பக்கம். செடியெல்லாம் முழங்கால் உயரத்தில் கூர்கூராக நின்றது. பிளேன் அதற்குமேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போய் மூக்குக் குத்தி நின்றது.

முதலில் போய்ச் சேர்ந்தது நாங்கள் நாலைந்து பேர். என் பிள்ளையை யாரிடம் கொடுத்தேன் என்று ஞாபகமில்லை. உள்ளே ஒரே ஆள். பறக்கப் பழகிக்கொண்டிருந்த சிங்களத் தம்பி, இருபது வயதுகூட இருக்காது. நெற்றியில் ரத்தம். ஒரு கால் சிக்கிக்கொண்டிருந்தது. கம்பளியை விரித்து அவரை அதில் இறக்கினோம். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்டது, "மினிஸ்ஸு? மினிஸ்ஸுன்ட்ட மொக்குத் உனாத?" எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆனாலும் இது விளங்கியது. ஆட்களுக்கு ஏதும் ஆச்சா என்று கேட்கிறார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பிறகுதான் தண்ணீர் கேட்டார். நான் ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்கு ஆற்றி வைத்த பாலைக் கொண்டுவந்து, தலையை மடியில் வைத்துக் கொடுத்தேன். மேலுதட்டில் வெள்ளையாகப் பால் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கொழுந்து லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். என்ஜின் நின்றது எப்படி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மலைப் பனியில் என்ஜினுக்குள் ஐஸ் பிடிக்குமாம். சூடு காட்ட ஒரு கைப்பிடி உண்டாம். அதைப் பிந்தி இழுத்துவிட்டேன் என்று அந்தத் தம்பியே ஒப்புக்கொண்டுவிட்டார். பழகுகிற பிள்ளைகளுக்கு நடப்பதுதான், அதற்குப் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். அவர்கள் கேட்டது வேறு. இவ்வளவு நல்ல புல்வெளி இருக்க அதை விட்டுவிட்டுக் கவ்வாத்து மலையில் ஏன் கொண்டு போய் விட்டான்? ஆட்கள் ஓடினார்கள், அதனால் திருப்பினேன் என்று தம்பி சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்று துரையிடம் கேட்டார்கள். துரை, மலையில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

கங்காணி சொன்னது இது: "இல்லைங்க தொர. அந்நேரம் பூராப் பேரும் மலையிலதான் நின்னாங்க. விழுந்த பொறவுதான் பாக்க ஓடியாந்தாங்க."

மணி அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொழிற்சாலை இரைச்சலில் துரைக்கும் கேட்டிருக்கவில்லை. தோட்டம் முழுவதும் அதையே சொன்னது. யாரும் யாரையும் கேட்டுச் சொல்லவில்லை. என் அறை போய்விடக் கூடாது என்று எல்லாருமாக வாயை மூடிக்கொண்டார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது இதைக் கேள்விப்பட்டேன். எனக்கு அழுகை வந்தது. அது நன்றியா வேறு ஏதாவதா என்று அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து டிக்கோயாவுக்குப் போனோம். ரொட்டி சுட்டுத் தேங்காய்ச் சம்பலோடு வாழை இலையில் கட்டிக்கொண்டேன். அந்தத் தம்பி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கிரி அக்கா!" என்றார். கிரி என்றால் பால். வார்டில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பொம்பளை நடுவில் நின்று எங்களுக்கு மொழிபெயர்த்தாள்.

"ரொட்டி நல்லாருக்காம். அவுங்க அம்மா இப்பிடி ஒறைப்பாப் போட மாட்டாங்களாம்," என்றாள்.

"இன்னும் வேணுமான்னு கேளுங்க."

"அதெல்லாம் கேக்கவே வேணாம். நீங்க வர்றதுக்கு முந்தி ஆஸ்பத்திரிச் சோத்தத் திங்க மாட்டேன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டுப் படுத்திருந்தாரு. இப்ப பாருங்க, எலைய நக்காத கொறைதான்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று மெதுவாக ஏதோ பேசினார். அந்தப் பொம்பளை கேட்டுக்கொண்டே எங்களைப் பார்க்காமல் சொன்னாள்.

"பொதன்கெழம உங்க தோட்டத்துக்கே கொண்டு போய் வச்சு வெசாரிச்சு முடிக்கப் போறாங்களாம். அங்க ஆளே இல்லைன்னு எழுதிட்டாங்களாம். பயந்து கைய விட்டுட்டு இப்ப பொய் சொல்றான்னு நெனைக்கிறாங்களாம். அப்பிடின்னா இனிமே பறக்க விட மாட்டாங்களாம். இவருக்கே இப்ப சந்தேகமா இருக்காம். பனியில எதையோ பாத்துட்டு மனுசன்னு நெனைச்சுட்டேனோங்கிறாரு. புல்லுல கம்பளி கிம்பளி காயப் போட்டிருந்தீங்களான்னு கேக்குறாரு."

நான் சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கட்டிலில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தார். ரொட்டியோடு வந்த எனக்கு அவர் ஆறுதல் சொன்னார்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நடக்கும்போது வீட்டுக்காரர் கேட்டார்.

"சொல்லப் போறியா?"

"அறை போயிரும்."

"அது எனக்கும் தெரியும்."

"புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போறது?"

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். "அந்தாளு இனிமே பிளேன்ல ஏறாட்டியும் சோறு திம்பாரு. நீதான் திங்க மாட்டே. நாலு நாளா நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றார். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பால் கொடுக்க வந்த பொம்பளைகளிடம் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார்கள்.

"என்னாடி இது, ஆகாசத்துல போறவனுக்காக பூமியில இருக்க லயத்த விடப் போறியா?"

"அவன் ஒனக்கு என்னா, மாமன் மகனா?"

"பால் குடுத்தாள்ல. மகன்னு சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். கங்காணியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "நீ சொன்னா எங்க வீட்டு ஆளு பொய் சொன்னதாப் போகும். அத நெனைச்சியா?" என்றாள். நினைத்தேன்தான்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். அந்தக் காலத்தில் துரையிடம் ஏதும் சொல்ல வேண்டுமென்றால் கங்காணி வழியாகச் சொல்ல வேண்டும். பொம்பளை தனியாகப் போய் நிற்கிற வழக்கம் இல்லை. பெரிய கிளாக்கர் ஐயா வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன பிள்ளை, ஏன் இங்க நிக்கிறீர்? துரை விசாரணையிலை இருக்கிறார். பிறகு வாரும்."

நான் போகவில்லை. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பிளேன் விசயமோ?"

தலையாட்டினேன்.

"அப்ப உள்ளுக்கு வாரும். பயப்பிடாதேயும், நான் பக்கத்திலை நிக்கிறன்."

உள்ளே துரை, விசாரிக்க வந்த இரண்டு பேர், சுவரோரம் நாற்காலியில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அந்தத் தம்பி. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன என்று துரை கேட்டார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனதில் அடுக்கி வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

"மணிய நான்தாங்க அடிச்சேன். அதுனாலதாங்க எல்லாரும் ஓடியாந்தாங்க. அவரு பொய் சொல்லலீங்க."

கிளாக்கர் ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. பிறகு அவர் சொன்னதை ஐயா எனக்குத் தமிழில் சொன்னார். நான் மணி அடித்தது உண்மையாகவே இருக்கட்டும். என்ஜின் நின்று தரைக்கு வர மூன்று நிமிஷம்தான். அதற்குள் ஆறாம் நம்பர் மலையிலிருந்து யாரும் புல்வெளிக்கு வந்திருக்க முடியாது.

வந்தவர்களில் மூத்தவர் தம்முடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ கேட்டார். துரை தோளைக் குலுக்கினார்.

"அதே மாதிரி இப்ப அடிக்கட்டாம்," என்றார் கிளாக்கர் ஐயா.

எல்லாரும் வெளியே பெரட்டு மணிப் பக்கம் வந்தோம். தம்பியை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்தார்கள். அன்றைக்கும் கொழுந்து ஆறாம் நம்பரில்தான். மலையில் இருந்தவர்களுக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியாது. நான் கம்பியை எடுத்தேன். முதல் அடி சரியாகப் படவில்லை. இரண்டாவது அடி மலையெல்லாம் கேட்டது.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மேலே செடிகளுக்கு நடுவே ஒரு கம்பளி அசைந்தது. ஒன்று, பத்து, பிறகு மலை முழுவதும். கூடைகள் உருண்டன. பொம்பளைகள் பாதையைப் பார்க்கவில்லை, மழைநீர் ஓடும் கானைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு வந்தார்கள். வந்து புல்வெளியில் விழுந்து குறுக்கே ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்தது கங்காணியின் மனைவி. அவளுடைய இளைய பிள்ளை என் தொட்டிலில்தான் கிடந்தது. அவளுக்குப் பின்னால், தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழ, கங்காணி. மூத்தவர் கடிகாரத்தைத் துரையிடம் நீட்டிக் காட்டினார். ஒன்றரை நிமிஷம்தான் ஆகியிருந்தது.

நான் அவர்களைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தேன். நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, புல்வெளியில் ஓடுகிற கம்பளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மங் தெக்கா," என்றார். நான் பார்த்தேன் என்று அர்த்தம். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரும்பவும் சொன்னார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரே கூச்சல். ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் எல்லாரும் என்மேல் பாய்ந்தார்கள்.

"அடிப்பாவி, நாங்க ஒன்னையக் காப்பாத்த வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தா, நீயே எங்களக் கூட்டியாந்து காட்டிக் குடுக்குறியே!"

"எம் முட்டி பேந்துருச்சு பாருடி!"

கங்காணியின் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்கி மாரோடு அணைத்தபடி நின்றாள். துரையும் வெளியிலிருந்து வந்தவர்களும் தன்னைப் பார்ப்பதைக் கண்டாள். பிறகு தன் புருஷனைப் பார்த்தாள். "இந்தக் காலு ஓடுறத நான் எங்கிட்டுப் போயி மறைக்கிறது?" என்றாள். கங்காணி தலைப்பாகையைச் சுருட்டிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார்.

மூத்தவர் தம்பியிடம் குனிந்து கொஞ்ச நேரம் பேசினார். கால் சரியானதும் அவர் மறுபடி பறக்கலாம் என்று சொன்னதாகக் கிளாக்கர் ஐயா எனக்குச் சொன்னார். காரில் ஏற்றும்போது தம்பி என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் போனேன். இரண்டு பேரும் சும்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். டிரைவர் கதவைச் சாத்த வேண்டும் என்றதும் விட்டோம்.

துரை அன்றைக்கு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அறையைப் பற்றி நாளைப் பெரட்டில் தெரியும் என்று மட்டும் கிளாக்கர் ஐயா சொன்னார்.

மறுநாள் பெரட்டில் பற்றுச்சீட்டு வரவில்லை, அறையும் போகவில்லை. என் பெயரைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குப் போட்டிருப்பதாகக் கணக்கப்பிள்ளை வாசித்தார். ஆறாம் நம்பரில் யாரும் விரும்பாத கடைசி நிரை கொடுத்தார்கள். ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. பின்னேரம் வரைக்கும் விடவில்லை.